இருபத்தைந்தாவது நிமிடத்துக்குப் பிறகு

ஜனவரி 28, புதன்

பணி நிரந்தர ஆணை வந்துவிட்டது. பத்தொன்பது வருடம் ஒப்பந்த ஊழியர். இன்றிலிருந்து கல்லூரிக் கடலாய்வு மையத்தின் தொழில்நுட்ப உதவியாளர், நிரந்தரம். பால்வண்ணன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டு அவர் கையாலேயே கொடுத்தார். மையத்தின் தலைவர் அவர். நான் தகுதியானவள் என்று மேனேஜ்மெண்டிடம் அவர்தான் பேசினாராம்.

வீட்டுக்காரர் சட்டகம் போட்டு மாட்டலாம் என்றார். வேண்டாம், பீரோவில் இருக்கட்டும் என்றேன்.

மணல்முனை அறிக்கை போனது பன்னிரண்டாம் தேதி. ஆணை வந்தது இருபத்தெட்டாம் தேதி. நடுவில் பொங்கல். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

காலையில் பாசி அறையில் நாற்பது குடுவைக்கும் ஊட்டநீர் மாற்றினேன். ஏ.சி. மறுபடி தண்ணீர் ஒழுகுகிறது.

ஜனவரி 30, வெள்ளி

பேப்பரில் வந்திருக்கிறது. ‘மணல்முனைக் கடலில் மிதப்பது எண்ணெய் அல்ல, இயற்கைப் பாசி: ஆய்வில் தகவல்’. சாருடைய படம். கீழே, கப்பலிலிருந்து கடலடிக் குழாய் வழியாக எண்ணெய் இறக்கும் டெர்மினலின் அறிக்கை.

வீட்டுக்காரர் சத்தம் போட்டு வாசித்தார். பாசி எப்படி எண்ணெய் தரும் என்று கேட்டார். இட்லி ஊற்றிக்கொண்டே சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத கடல்பாசிகள் வெயிலை வாங்கித் தமக்குள் கொழுப்பு செய்யும். அதிலிருந்து ஒரு சிறு பங்கை ஹைட்ரோகார்பனாக மாற்றும். டீசலிலும் ஃபர்னஸ் ஆயிலிலும் இருக்கும் அதே இனம்தான். பதினைந்து கார்பன் கொண்டது, பதினேழு கார்பன் கொண்டது என்று பாசிக்குப் பிடித்தவை ஒன்றிரண்டு. அதைத் தாண்டி அதிகம் செய்யாது.

“அப்ப டெர்மினல்காரன் சொல்லுதது சரிதானா?” என்றார்.

சட்னி கருகுகிறது என்று உள்ளே போய்விட்டேன். சட்னி கருகவில்லை.

டெர்மினல் அறிக்கையின் கடைசிப் பத்தியைப் பிறகுதான் பார்த்தேன். மக்கள் நலன் கருதி, தொல்லை தரும் பாசியை அழிக்க மணல்முனை விரிகுடாவில் தங்கள் செலவில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், தெளிக்கப் போகிறார்களாம். மயில்துத்தம் பாசியை மட்டுமா கொல்லும்? இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு எல்லாம் போகும். சாருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

பிப்ரவரி 2, திங்கள்

மணல்முனையிலிருந்து அமலோற்பவம் என்ற பெண் மையத்துக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். கரையில் மீன் ஏலம் எடுத்துச் சந்தைக்குக் கொண்டுபோகிறவள். குளிர்பான பாட்டிலில் கடல்தண்ணீர் கொண்டு வந்திருந்தாள். சார் வெளியே போயிருந்ததால் என்னிடம் அனுப்பினார்கள். பிளாஸ்டிக் பாட்டில் ஆகாது, பிளாஸ்டிக்கே தண்ணீரில் கலந்து கணக்கைக் கெடுத்துவிடும் என்றேன். அவள் பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு முழங்கையை நீட்டினாள். தோல் வெந்தது போல உரிந்திருந்தது. வலை இழுக்கிற எல்லாருக்கும் இப்படித்தானாம். மீனை வெட்டினால் மண்ணெண்ணெய் வாடை வருகிறதென்று சந்தையில் திருப்பி அனுப்புகிறார்களாம்.

“பாசி எங்களுக்குப் புதுசா எக்கா? எங்கம்மா காலத்துலயும் பாசி வரும், பத்து நாள்ல போயிரும். இது போக மாட்டேங்குதே. பாசின்னு எழுதிக் கொடுத்தது யாரு?”

“சார்தான்” என்றேன்.

பொய்யில்லை. கையெழுத்து அவருடையது.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஹீலியம் சிலிண்டர் வரவில்லை. எண்ணெயைப் பிரித்துக் காட்டும் கருவி ஓடவில்லை. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

அரை நாள் விடுப்பு போட்டு மணல்முனை போனேன். ஆய்வகத்துக் கண்ணாடிப் புட்டிகள் ஆறு, கரைப்பானில் கழுவி உலர்த்தி, துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.

அந்தக் கடலை இதுவரை நான் நேரில் பார்த்ததில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். ஜனவரியில் சாரின் ஆய்வு மாணவர் தண்ணீர் கொண்டு வந்தார். நான் மெஷினில் ஏற்றினேன். அவ்வளவுதான்.

பச்சை இருந்தது உண்மை. கரையோரம் பாசி பூத்துக் கிடந்தது. ஆனால் பச்சைக்கு மேலே, வெயில் சாய்ந்த பக்கம், வேறு ஒரு மினுக்கம். கரைமணலைக் காலால் கிளறினேன். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. பாசி மட்டும் ஒதுங்கிய எந்தக் கரையைக் கிளறினாலும் இந்தக் கறுப்பு வராது.

அமலோற்பவம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஆறு புட்டியையும் நிரப்பிக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. மயில்துத்தம் தெளிப்பதை எதிர்த்து சப் கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கிறார்களாம். போகும்போது ஒரு பை சாளை மீன் கொடுக்க வந்தவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

“வேண்டாம். வாடை அடிக்கும்” என்றாள்.

பிப்ரவரி 7, சனி

மணல்முனைப் பாசியை நுண்ணோக்கியில் வைத்து, மயிரிழைக் குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்து, சுத்தமான ஊட்டநீரில் விட்டேன். பன்னிரண்டு சோதனைக் குழாய். கழுத்து பிடித்துக்கொண்டது.

எண்ணம் இதுதான். அந்தக் கடலின் பாசியையே, எண்ணெய் தொடாத தண்ணீரில் வளர்ப்பேன். வளர்ந்த பிறகு அது என்ன ஹைட்ரோகார்பன் செய்கிறது என்று அதையே கேட்பேன். பத்தொன்பது வருடம் இவற்றுக்குச் சோறு போட்டிருக்கிறேன். வாயில்லாத பாசி மேல் பழி போடுவதை நான் பார்த்துக்கொண்டு நிற்கப் போவதில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். மூன்று புட்டியை ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். என்ன இது என்றார். சொன்னேன். கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர்; யாரோடும் சண்டை போட்டதில்லை. ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினார். ஆணை வந்து பன்னிரண்டு நாள்தான் ஆகிறது என்று நினைவுபடுத்தினார். தெரியும் என்றேன். சம்பந்தமில்லை என்றும் சொன்னேன்.

“எதுக்கும் எதுக்கும் சம்பந்தமில்ல?” என்றார்.

தயிரை மேல்தட்டுக்கு மாற்றினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பன்னிரண்டில் நான்கு குழாயில் பாசி பிடித்துவிட்டது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் இளம் பச்சை. பெரிய குடுவைக்கு மாற்றினேன்.

மனுமீது மார்ச் 3ஆம் தேதி சப் கலெக்டர் விசாரணை. அதுவரை மயில்துத்தம் தெளிக்கக் கூடாது. கூடுதல் விளக்க அறிக்கை தயார் செய்யுமாறு சார் சொன்னார். அதே படம், அதே அட்டவணை, இன்னும் கொஞ்சம் அழுத்தமான வார்த்தைகள். தட்டச்சு செய்து கொடுத்தேன்.

ஆமாம், செய்து கொடுத்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

அப்பளம் தீர்ந்துவிட்டது. குடுவை நான்கும் நன்றாக இருக்கின்றன.

பிப்ரவரி 20, வெள்ளி

சார் சென்னையில் கருத்தரங்கு. காலை ஒன்பதரைக்கு, எல்லாரும் நடமாடுகிற நேரத்தில், பதிவேட்டில் என் பெயரை எழுதித்தான் கருவியைப் போட்டேன். திருட்டுத்தனமாக எதுவும் செய்யவில்லை.

முதலில் நான் வளர்த்த பாசி. பிறகு மணல்முனைத் தண்ணீர். ஒவ்வொன்றும் ஒரு மணி நேர ஓட்டம். கருவி எண்ணெயை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, இலேசானது முதலில், கனமானது கடைசியில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முள் வரையும்.

பாசி ஓட்டத்தில் இருபதாம் நிமிடம் சிறிய முள். இருபத்து நான்கில் பனைமரம் போல ஒற்றை முள், பதினேழு கார்பன். அதன்பின் அறுபது நிமிடம் வரை தரை. சுத்தமான தரை. எவ்வளவு அழகு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடல்தண்ணீரிலும் அதே பனைமரம். ஆனால் அதைத் தாண்டியதும் முட்கள் சீப்புப் பற்களாக வந்தன, கார்பன் எண்ணிக்கையில் ஒற்றைப்படை இரட்டைப்படை பேதமில்லாமல், ஒன்றுபோல. முப்பதாம் நிமிடத்துக்கு மேல் கோடு தரைக்கு இறங்கவேயில்லை. ஆமை முதுகு போல மேடு. பாசி செய்யாத, பெட்ரோலிய எண்ணெயில் இருக்கும் ஃபைட்டேன், பதினெட்டு கார்பன் முள்ளுக்குப் பக்கத்தில் நின்றது. ஃபர்னஸ் ஆயில். இலேசான பகுதியெல்லாம் வெயிலில் பறந்துபோய் மிச்சம் கிடப்பது.

இதை இன்றுதான் முதல்முறை பார்த்தேன் என்று எழுதலாம். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. ஆனாலும் எழுத முடியவில்லை.

ஜனவரி எட்டாம் தேதியே பார்த்தேன். அன்று இந்த மேடு இன்னும் பெரிதாக இருந்தது. சார் பின்னால் நின்று பார்த்தார். “செண்பகம், இருபத்தஞ்சு நிமிஷத்தோட நிறுத்திருங்க. அதுக்கு மேல போனா வாசிக்கிறவங்களுக்குக் குழப்பம்” என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. படத்தின் ‘முடிவு’ என்ற கட்டத்தில் அறுபதை அழித்து இருபத்தைந்து என்று அடித்தேன். படம் பனைமரத்தோடு முடிந்தது. நேர்த்தியாக இருந்தது. சார் என் நிரந்தரம் பற்றி மேனேஜ்மெண்டிடம் பேசுவதாகச் சொன்னது அதே நாள் மாலை.

இப்போது எழுதிவிட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

சார் வந்ததும் இரண்டு படங்களையும் அவர் மேஜையில் வைத்தேன். கண்ணாடி போட்டு நெடுநேரம் பார்த்தார். அவர் நல்ல விஞ்ஞானி. எனக்கு இந்தக் கருவியைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். புரியாமல் பார்க்கவில்லை.

டெர்மினல் அடுத்த வருடம் மையத்துக்குப் புதுக் கட்டடம் கட்டித் தருகிறது, நாற்பது மாணவர்கள் ஆய்வு செய்யலாம், ஒரு விரிகுடாவுக்காக அத்தனையும் விடுவதா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கெஞ்சுகிற குரலாகத்தான் இருந்தது. அறிக்கையில் பொய் ஒரு வரிகூட இல்லை, பாசி ஹைட்ரோகார்பன் செய்கிறது என்பது உண்மைதானே என்றார்.

“உண்மைதான் சார். பாதி.”

“அந்தப் பாதியை வெட்டினது உங்க கை, செண்பகம். ஞாபகம் வச்சுக்கோங்க.”

“ஞாபகம் இருக்கு. அதைத்தான் சொல்லப் போறேன்.”

வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயம் இல்லை. காலையில் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

கருவி அறைச் சாவியை வாங்கிவிட்டார்கள். இனி நூலகத்தில் பழைய இதழ்களை அடுக்கும் வேலை.

பிப்ரவரி 26, வியாழன்

பாசி அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன். நாற்பது குடுவையும் கழுவி, வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மணல்முனைக் குடுவை நான்கும் அவற்றோடு. பராமரிப்புப் பணியாம்.

சில இனங்களை நான் வேலைக்குச் சேர்ந்த வாரத்திலிருந்து வளர்த்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுத் தண்ணீர். மகள் பிறந்தபோதுகூட ஒரு முறைதான் தவறியது.

அழவில்லை. தொட்டியில் பச்சைக்கறை இருந்தது. தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன்.

படங்களின் அச்சுப் பிரதி என் பையில் இருக்கிறது. ஃபிரிட்ஜில் மூன்று புட்டி இருக்கிறது. குடுவையைக் கவிழ்த்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருக்கிறார்கள்.

மார்ச் 1, ஞாயிறு

மணல்முனை போய் அமலோற்பவத்திடம் எல்லாம் சொன்னேன். விசாரணையில் முதன்முதலாக அவள் கேட்க வேண்டாமே என்று. தேவாலயத்திலிருந்து வந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜனவரி எட்டு வரை வந்ததும் எழுந்துவிட்டாள்.

“அன்னைக்கு என் கைய நீட்டிக் காட்டுனேனே. அப்பவும் சொல்லலியே நீங்க.”

ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன்.

மார்ச் 3, செவ்வாய்

விசாரணை. விரிவாக எழுத வேண்டும்.

சப் கலெக்டர் முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். ஒரு பக்கம் டெர்மினல் வக்கீலும் பால்வண்ணன் சாரும். மறுபக்கம் மணல்முனை ஆட்கள் இருபது பேர். நான் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் கதவோரம் நின்றேன். வீட்டுக்காரர் புட்டிகளை ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு கூடவே வந்திருந்தார். நான் கேட்கவில்லை. அவரே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சார் அழகாகப் பேசினார். பாசி, சூரிய ஒளி, பதினேழு கார்பன். எல்லாம் உண்மை. சப் கலெக்டர் குறித்துக்கொண்டார். வேறு யாரும் பேச வேண்டுமா என்று கேட்டபோது கை தூக்கினேன். நான் மையத்தின் ஊழியர், அனுமதியில்லாமல் பேசக் கூடாது என்று வக்கீல் எழுந்தார். ஊழியராகப் பேசவில்லை, அந்த அறிக்கையின் படத்தைத் தயாரித்தவளாகப் பேசுகிறேன் என்றேன்.

பையிலிருந்து தாள்களை எடுத்தேன்.

“அம்மா, அந்த அறிக்கையில இருக்கிற படம் முழுசு இல்ல. அறுபது நிமிஷப் படம். இருபத்தஞ்சுல வெட்டியிருக்கு. வெட்டச் சொன்னது சார். வெட்டினது நான்.”

இரண்டு தாளையும் கொடுத்தேன், ஒன்று நான் வளர்த்த பாசி, மற்றது மணல்முனைத் தண்ணீர். சப் கலெக்டர் தனக்கு வேதியியல் தெரியாது, எளிதாகச் சொல்லுங்கள் என்றார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். பனைமரம் பனைமரத்தின் மேல் பொருந்தி நின்றது. அதற்கு வலப்பக்கம் ஒரு தாளில் மட்டும் ஆமை முதுகு.

“இந்த மேடு?” என்றார்.

“அது பாசிக்குச் செய்யத் தெரியாதும்மா. அது குழாய்ல வர்றது.”

என் சோதனையை நம்ப வேண்டாம், ஏற்கெனவே ஒருமுறை தவறு செய்தவள் நான், புட்டிகளை அரசு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், புதிதாகவும் எடுத்துப் பாருங்கள் என்றேன். வக்கீல் என் பணி ஆணையின் தேதியைக் கேட்டார். சொன்னேன். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்றார்.

“வேலை வேணும்னு இருந்தேன்.”

இந்த வாக்கியத்தை இதுவரை எனக்குக்கூட நான் சொன்னதில்லை. இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். அமலோற்பவம் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சப் கலெக்டர் புட்டிகளுக்கு அரக்கு முத்திரை வைத்து வாங்கிக்கொண்டார்.

மார்ச் 4, புதன்

தற்காலிகப் பணி நீக்கம். மையத்துக்கு அவப்பெயர் உண்டாக்கியதற்காக.

மார்ச் 10, செவ்வாய்

வீட்டில் இருப்பது பழகவில்லை. மெத்தையைப் பிரித்துப் பஞ்சு உலர்த்தினேன். அரசு ஆட்கள் படகில் போய்ப் புதிதாகத் தண்ணீர் எடுத்தார்களாம், வீட்டுக்காரர் டீக்கடையில் கேட்டு வந்தார்.

மார்ச் 24, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. ஃபர்னஸ் ஆயில்தான். டெர்மினல் குழாயை அழுத்தச் சோதனை செய்ததில், கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் கடலடியில் ஓர் இணைப்பு கசிகிறது. பழுது பார்க்கும் வரை கப்பலிலிருந்து எண்ணெய் இறக்கத் தடை. மயில்துத்தத்துக்கு நிரந்தரத் தடை.

வீட்டுக்காரர் கடலைமிட்டாய் வாங்கி வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொன்று தின்றோம். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

கல்லூரி விசாரணைக் குழு கூப்பிட்டது. மூன்று பேர். தட்டச்சு செய்த ஒரு தாள் தயாராக இருந்தது. படத்தை நான் என் இஷ்டத்துக்கு வெட்டினேன், தலைவருக்குத் தெரியாது என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் இரண்டு மாதத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம்.

இது மறுபடியும் பாதி என்றேன். பேனாவை வாங்கி, தாளின் கீழே ‘தலைவர் சொன்னார், நான் செய்தேன்’ என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். தாள் வீணாகிவிட்டதே என்று ஒருவர் வருத்தப்பட்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

நீக்க உத்தரவு தபாலில் வந்தது.

ஏப்ரல் 15, புதன்

சித்திரை இரண்டு. சப் கலெக்டர் அலுவலகத்தில் கண்காணிப்புக் குழுக் கூட்டம். ஆறு மாதத்துக்கு மாதாமாதம் கடல்தண்ணீர் எடுத்துச் சோதிக்க வேண்டும். மீனவர் தரப்பில் ஒருவர் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். எனக்கும் தகவல் வந்திருந்தது. ஏன் என்று தெரியாமல்தான் போனேன்.

மீனவர் தரப்பில் யார் என்று கேட்டபோது அமலோற்பவம் எழுந்து என் பெயரைச் சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதேயில்லை. இப்போதும் என் பக்கம் திரும்பவில்லை.

டெர்மினல் வக்கீல் ஆட்சேபித்தார். வேலையை விட்டு நீக்கப்பட்டவர், தன் வாயாலேயே பொய் அறிக்கையை ஒப்புக்கொண்டவர், இவரை எப்படி நம்புவது என்றார். சப் கலெக்டர் அமலோற்பவத்தைப் பார்த்தார்.

“அதுக்குத்தான் சொல்லுதேன்” என்றாள் அவள். “எந்த எடத்துல வெட்டுவாவன்னு எங்க யாருக்கும் தெரியாது. இவியளுக்குத் தெரியும்.”

என்னால் தலை நிமிர முடியவில்லை. பிறகு நிமிர்ந்தேன்.

ஏப்ரல் 20, திங்கள்

காலை ஏழு மணிக்குப் படகு. அமலோற்பவத்தின் வீட்டுக்காரர் ஓட்டினார். அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள், பேசவில்லை. அரசு ஆய்வகத்திலிருந்து ஒருவர் புட்டிகளோடு வந்திருந்தார். காற்று பலம். நான் கடலுக்குள் போவது இதுதான் முதல்முறை. பத்தொன்பது வருடக் கடலாய்வு.

குழாய் கசிந்த இடத்தில் படகு ஆடிக்கொண்டே நின்றது. அமலோற்பவம் தன் முந்தானையை என் இடுப்பைச் சுற்றிப் போட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடக் கூடாதே என்று மட்டும்தான் இருக்கும். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஆறு புட்டியும் நிரம்பின. ஒவ்வொன்றிலும் இடம், நேரம், ஆழம் எழுதி ஒட்டி, ‘ஓட்டம் அறுபது நிமிடம், முழுமையாக’ என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.